செங்கல் சூளை டாங்கிகள்

போர் ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பல் டாக்டரின் மருத்துவமனையை ராணுவம் எடுத்துக்கொண்டது. கடைத்தெருவின் கோடியில் கீழும் மேலுமாக இருந்த கட்டடம் அது. உளவு வேலைக்கு அது ஏன் பிடித்துப்போனது என்று யாரும் காரணம் சொல்லவில்லை. “உள்ள யாராவது கத்தினாலும் தெருவுல போறவங்க கண்டுக்க மாட்டாங்க, பழகிப்போச்சு, அதனால இருக்கும்” என்றார் டாக்டர். தன் பஞ்சு டப்பாவையும் இடுக்கிகளையும் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டார்.

பல் பிடுங்கும் நாற்காலிகளை மட்டும் கொண்டுவர முடியவில்லை. அவை தரையோடு சேர்த்துத் திருகப்பட்டவை. ராணுவத்தாலும் கழற்ற முடியவில்லை. ஆகவே அதிகாரிகள் அவற்றிலேயே உட்கார்ந்து கோப்பு பார்த்தார்கள். முதல் கூட்டத்தில் ஒரு மேஜர் எதிரியின் பலத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது நாற்காலியைச் சாய்க்கும் மிதியில் கால் பட்டுவிட்டது. அவர் பேச்சை நிறுத்தாமலே மெல்ல மெல்லச் சாய்ந்து, கடைசி வாக்கியத்தைக் கூரையைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

அது ஒரு நாட்டின் அலுவலகம் அல்ல, இரண்டு நாடுகளின் கூட்டு அலுவலகம். மேல்மாடியில் உள்நாட்டு ராணுவம், கீழ்மாடியில் நட்பு நாட்டு ராணுவம். நட்பு என்றால் புது நட்பு. போன வருஷம் வரை இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று பத்திரிகையில் கரித்துக்கொட்டியவைதான். பொதுவாக ஒரு எதிரி வாய்த்ததும் அவசரக் கல்யாணம் மாதிரி கூட்டணி முடிந்துவிட்டது. அவசரக் கல்யாணத்தில் வருகிற மனத்தாங்கல்களும் கூடவே வந்துவிட்டன. கீழே வந்தவர்களுக்குக் காபி ஆறிப்போய் வருகிறது என்று குறை. மேலே இருந்தவர்களுக்கு, வந்தவர்கள் வாசல் விளக்கை அணைக்காமல் போகிறார்கள் என்று குறை.

இவர்களுக்கு நடுவில்தான் டாக்டரின் மனைவி வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய அப்பா நட்பு நாட்டில் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவள் படித்ததெல்லாம் அங்கேதான். அந்த பாஷையில் கதைப் புத்தகம் படிப்பாள், சண்டையும் போடுவாள். மொழிபெயர்ப்பாளர் என்று சேர்த்துக்கொண்டார்களே தவிர, எங்கே உட்கார வைப்பது என்பதில் சிக்கல் வந்தது. மேலே உட்கார்ந்தால் இங்கே பேசுவதைக் கீழே சொல்லிவிடுவாள். கீழே உட்கார்ந்தால் அங்கே பேசுவதை மேலே சொல்லிவிடுவாள். ஆளைப் பார்க்காமலே இரண்டு பக்கமும் இப்படி முடிவு செய்து, கடைசியில் மாடிப்படி திரும்பும் இடத்தில், சின்ன ஜன்னலுக்குக் கீழே, அவளுக்கு ஒரு மேஜை போட்டார்கள். ஏறுகிறவன் முழங்கை இடிக்கும், இறங்குகிறவன் முழங்கால் இடிக்கும்.

காகிதத்தோடு மேலே போனால், “சம்பந்தி வீட்லேர்ந்து வந்துட்டாங்கப்பா” என்பார்கள். கீழே போனாலும் அதே கேலியை அவர்கள் பாஷையில் செய்வார்கள். இரண்டு வீட்டுக்கும் அவள் எதிர்வீட்டுக்காரி. சம்பந்தியம்மா என்ற பெயர் நிலைத்துவிட்டது. டாக்டரே வீட்டில் ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுத் திட்டு வாங்கினார்.

வேலை சுலபமானது. வாரம் ஒருமுறை இரண்டு மாடியும் தங்களுக்குத் தெரிந்ததை மற்ற மாடிக்கு எழுதித் தர வேண்டும். சம்பந்தியம்மா மொழிபெயர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். எங்கிருந்து தெரிந்தது என்று மட்டும் எழுதக்கூடாது. “நம்பத்தகுந்த இடத்திலிருந்து” என்று போட்டுவிட்டால் போதும். நம்பத்தகுந்த இடம் பல சமயம் காலைப் பத்திரிகை. தான் கொடுப்பது குறைந்தும் வாங்குவது கூடியும் இருக்க வேண்டும் என்று இரண்டு கர்னல்களும் நினைத்ததால், ஒருவர் வானிலையைக் கொடுப்பார், மற்றவர் அதை வாங்கிக்கொண்டு பழைய வானிலையைத் திருப்பிக் கொடுப்பார்.

மேல்மாடிக் கர்னல் ஒல்லியான மனுஷர். சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். எதிரியைவிடத் தலைமையகத்து டெலிபோனுக்கு அதிகம் பயப்படுவார். அந்த டெலிபோன் ஒருநாள் அவரை வறுத்தெடுத்துவிட்டது. இத்தனை பேர் உட்கார்ந்து என்ன கிழிக்கிறீர்கள், நட்பு நாட்டுக்கு உருப்படியாக ஒரு தகவல் உண்டா என்று.

கர்னல் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். ஆற்றின் அக்கரை எதிரியின் வசம் இருந்தது. கரையோரம் முழுக்க மணல் மூட்டைகள், அவற்றின் பின்னால் எந்திரத் துப்பாக்கிகள். அது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் தகவல் ஆகாது. அதற்கும் பின்னால் மூடிக்கிடந்த ஒரு செங்கல் சூளை. அதிலிருந்து அன்றைக்கு லேசாகப் புகை வந்தது. கர்னல் இறங்கி வந்து, “மூடிக்கிடக்கும் செங்கல் சூளையில் புகை காணப்பட்டது” என்று எழுதினார்.

“சார், அவங்க பாஷைல அடுப்புப் புகைக்கு ஒரு வார்த்தை, இன்ஜின் புகைக்கு வேற வார்த்தை. எதைப் போடறது?” என்று கேட்டாள் சம்பந்தியம்மா.

கர்னல் யோசித்தார். “சண்டை நடக்கிற எடத்துல யாரும்மா சமைக்கப் போறாங்க? இன்ஜின்னே போடுங்க.”

அவள் போட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் வானிலையை மொழிபெயர்த்துச் சலித்திருந்தாள். கைக்கு ஒரு நல்ல வாக்கியம் கிடைத்ததும் விட மனமில்லை. “விட்டு விட்டு, யாரோ பெருமூச்சு விடுவதுபோல்” என்று தன் பங்குக்குச் சேர்த்தாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவளுக்கே பிடித்திருந்தது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். மேல்மாடிக்குத் தலைநகரத்திலிருந்து அரக்கு முத்திரை வைத்த உறை வந்தது. நட்பு நாட்டின் தலைநகரம் இந்த நாட்டின் தலைநகரத்துக்கு அனுப்பிய மிக உயர்ந்த ரகசியம், நட்பு நாட்டு பாஷையிலேயே இருந்தது. கர்னல் அவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். எதிரி ஒரு பெரிய டாங்கிப் படையைச் செங்கல் சூளையில் ஒளித்து வைத்திருக்கிறான், டாங்கிகளை அவ்வப்போது ஓட்டிச் சூடேற்றுகிறான், புகை விட்டு விட்டு, யாரோ பெருமூச்சு விடுவதுபோல் வருகிறது.

கூட்டத்தில் தன் பிள்ளையை வேறு யாருடைய சட்டையிலோ பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. மேலிருந்து கீழே போன புகை, கீழிருந்து அவர்கள் தலைநகரம் போய், அங்கே டாங்கியாகி, இந்தத் தலைநகரத்துக்கு வந்து, புறப்பட்ட மாடிக்கே திரும்பியிருக்கிறது. போன இடமெல்லாம் ஒரு சுற்றுப் பெருத்து வந்திருக்கிறது.

“சார், இது வந்து” என்று ஆரம்பித்தாள்.

“நான்தான் மொதல்ல கண்டுபிடிச்சேன், கவனிச்சீங்களா?” என்றார் கர்னல். அவர் முகம் முதல் மார்க் வாங்கின பையன் முகம்போல் இருந்தது. அன்றைக்கே கீழ்மாடிக்குக் காகிதம் போனது. டாங்கிகள் இருப்பதை எங்கள் தனிப்பட்ட ஆதாரமும் உறுதி செய்கிறது. கீழ்மாடியிலிருந்து மறுநாளே பதில் வந்தது. உங்கள் உறுதியை நாங்களும் உறுதி செய்கிறோம்.

அதற்குப் பிறகு காகிதங்கள் வேகம் பிடித்தன. சூளையைத் தாக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பீரங்கி நட்பு நாட்டுடையது, படகும் ஆளும் உள்நாட்டுடையது. செலவைப் பிரித்துக்கொள்வதில் எவ்வளவோ இழுபறி நடந்தாலும் இதில் மட்டும் யாரும் தகராறு செய்யவில்லை.

படகுப் படையில்தான் சம்பந்தியம்மாவின் தம்பி இருந்தான். அம்மா போனபின் அவள் கையில் வளர்ந்தவன். கடைவாய்ப்பல் வலி என்று ஒருநாள் அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மாமா பல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயைப் பிளந்தபடி செய்தி சொன்னான்.

“அக்கா, சீக்கிரம் அக்கரைக்குப் போறோம்போல.”

“யாரு சொன்னா?”

“படகெல்லாம் தார் பூசுறாங்க. சூளைல டாங்கி நெறைய இருக்காம். நட்பு நாட்டுக்காரனே கண்டுபிடிச்சிருக்கான்னா எவ்வளவு இருக்கும் பாரேன்.”

“கரையில இருக்கிற துப்பாக்கியெல்லாம் என்ன பண்றதா இருக்கீங்க?”

“அதைப் பத்தி யாரும் பேசலக்கா. எல்லாரும் டாங்கியைப் பத்திதான் பேசறாங்க.” அவன் சிரிக்க முயன்றான். வாயில் மாமாவின் பல் பார்க்கும் கண்ணாடி இருந்ததால் முடியவில்லை.

மறுநாள் காலை அவள் காகிதம் எதுவும் இல்லாமல் மேல்மாடிக்குப் போனாள். கர்னலின் அறைக் கதவைச் சாத்தினாள். இத்தனை நாளில் அவள் அதைச் செய்தது அதுதான் முதல் முறை என்பதால் கர்னல் எழுந்தே நின்றுவிட்டார்.

“சார், சூளைல டாங்கி கெடையாது. நீங்க பார்த்தது புகை. பெருமூச்சுன்னு எழுதினது நான். அதுதான் சுத்திக்கிட்டு வந்திருக்கு.”

கர்னல் உட்கார்ந்தார். நாற்காலி கொஞ்சம் சாய்ந்தது. நிமிர்த்திக்கொள்ளவில்லை.

“எனக்குத் தெரியாதாம்மா?” என்றார் தாழ்ந்த குரலில். “பார்த்தவனே நான்தானே.”

“அப்போ சொல்லலாமே சார்.”

“யாருகிட்ட? கீழ இருக்கிறவங்க அதை அப்படியே நம்பிட்டாங்க. நம்பினதாலதான் பீரங்கி அனுப்பறாங்க. இப்போ போய் அது சும்மா புகைன்னா, நம்ம வார்த்தைக்கு என்ன மரியாதை? மொத மொதல்ல குடுத்த தகவலே இப்படின்னா, நாளைக்கு மழை வரும்னு சொன்னாக்கூட நம்ப மாட்டாங்க.” கர்னல் அவள் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டார். “கீழ மட்டும் மூச்சு விட்டுறாதீங்கம்மா. பாவம், ஆசையா நம்பிக்கிட்டிருக்காங்க.”

கீழ்மாடிக் கர்னல் அதற்கு நேர்மாறு. பருத்த உடம்பு, இனிமையான பேச்சு. யார் வந்தாலும் எழுந்து நின்று வரவேற்பார். எந்நேரமும் வாயில் மிட்டாய் இருக்கும். அதன் பலனாக அந்த வாரமே முகம் வீங்கி டாக்டர் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார். டாக்டருக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு டாக்டர் பாஷை தெரியாது. சம்பந்தியம்மா இடையில் நின்று வலியை மொழிபெயர்த்தாள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு டாக்டர் கை கழுவப் போன இடைவெளியில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

கர்னலுக்குப் பாதி வாய்தான் வேலை செய்தது. அதை வைத்துக்கொண்டே பேசினார்.

“தெரியும் அம்மா. எங்க விமானம் படம் எடுத்துட்டு வந்துச்சு. சூளைல ஒரு வயசானவர் இருக்காரு, ரெண்டு ஆடு இருக்கு. சாயங்காலமா அடுப்பு மூட்டுறாரு.”

“அப்புறம் ஏன் படகு அனுப்பறீங்க?”

“நாங்க எங்க அனுப்பறோம்? உங்க ஆளுங்க போகணும்னு நிக்கறாங்க, நாங்க ஒத்தாசை பண்றோம். மேல இருக்கிறவரு எவ்வளவு பெருமையா குடுத்த தகவல் அது. அதை வெச்சு எங்க மந்திரி ஒருத்தரு சபையில கூட்டணியைப் பத்தி ஒரு மணி நேரம் பேசியிருக்காரு. இப்போ ஆடுன்னு சொன்னா அவரு முகத்தை எங்க வெச்சுக்குவாரு?” எச்சில் வழிந்த கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். “மேல சொல்லிடாதீங்க. அந்த மனுஷன் மனசு ஒடைஞ்சுபோயிடும்.”

பல் பிடுங்கியாயிற்று. கர்னல் நன்றி சொல்லிப் பஞ்சைக் கடித்துக்கொண்டு போனார். சம்பந்தியம்மா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டாங்கி இல்லை என்று இவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இவர் மனம் நோகும் என்று அவரும், அவர் மனம் நோகும் என்று இவரும் பொறுத்துப்போகிறார்கள். இப்படி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கிற சம்பந்திகளை அவள் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. நடுவில் படகில் ஏறப்போவது அவள் தம்பி.

“என்னாச்சு?” என்றார் டாக்டர். அவள் சொன்னாள். ராணுவ ரகசியத்தைப் புருஷனிடம் சொன்ன குற்றத்துக்கு என்ன தண்டனை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் வேறு யாரிடம் சொல்வது.

டாக்டர் பிடுங்கிய பல்லைக் கிண்ணத்தில் உருட்டிக்கொண்டே கேட்டார். “இருக்கிற பல்லுன்னா நானே பிடுங்கிடுவேன். இல்லாத பல்லை எப்படிப் பிடுங்கறது?”

“சின்னப் புள்ளைங்களுக்கு என்ன பண்ணுவீங்க?”

“பால் பல்லா? அது தானா விழுந்துடுமே.”

அவள் முக்காலியிலிருந்து எழுந்தாள்.

அந்த வாரக் காகிதங்கள் வந்தபோது, மேலிருந்து கீழே போவதில் ஒரு வரி சேர்த்தாள். சூளையிலிருந்த டாங்கிகள் கிளம்பிவிட்டதாக நம்பத்தகுந்த இடத்திலிருந்து தெரிகிறது. கீழிருந்து மேலே போவதிலும் அதே வரியை வேறு சொற்களில் சேர்த்தாள். இந்த முறை உவமை எதுவும் போடவில்லை. மொழிபெயர்ப்பாளர் தன் சொந்தச் சரக்கைக் கலந்தால் சுட்டுவிடுவார்களா, சிறையில் போடுவார்களா என்று யோசித்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் மேலிருந்து அழைப்பு வந்தது. மேல்மாடிக் கர்னல் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“பார்த்தீங்களா? அவங்களே கௌம்பிடுச்சுன்னு எழுதிட்டாங்க. எவ்வளவு பெரிய மனசு. என் மானத்தைக் காப்பாத்திட்டாங்கம்மா.”

கீழே கூப்பிட்டபோது அங்கேயும் அதே கதைதான். “உங்க கர்னல் ஒரு கனவான்” என்றார் பருத்தவர். “தானே முன்வந்து வாபஸ் வாங்கிட்டாரு. இதுக்கெல்லாம் வளர்ப்பு வேணும்.”

தாக்குதல் தள்ளிப்போடப்பட்டது. படகுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். இரண்டு அரசுகளின் கூட்டு நெருக்குதலைத் தாங்காமல் எதிரியின் டாங்கிப் படை பின்வாங்கியது என்று இரண்டு தலைநகரங்களிலும் அறிக்கை வந்தது. அன்றைக்குச் சம்பந்தியம்மா வீட்டுக்குப் போகும் வழியில் தேவையே இல்லாமல் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். அரசாங்கத்தில் இல்லாத ஒன்றை உண்டாக்குவது சுலபம், உண்டான ஒன்றை இல்லாமல் ஆக்கத்தான் முடியாது. நான்காம் நாள் இரண்டு தலைநகரங்களும் ஒரே கேள்வியைக் கேட்டன. கிளம்பிப் போன டாங்கிகள் எங்கே போயின? வரைபடத்தில் டாங்கிகளுக்கென்று சிவப்புக் குண்டூசி குத்தி வைத்திருந்தார்கள். பிடுங்கிய ஊசியை எங்காவது குத்தியாக வேண்டும், கையிலேயே வைத்துக்கொண்டு நிற்க முடியாது. இரண்டு கர்னல்களும் தனித்தனியாக அவளைக் கூப்பிட்டு, எதிர்மாடி என்ன நினைக்கிறது என்று நாசூக்காக விசாரித்துவரச் சொன்னார்கள்.

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். ஆற்றின் மேல்பக்கம், அக்கரையில், பச்சையாக ஒரு நாணல் காடு. சாலை இல்லை, ஊர்ப்பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. டாங்கிகளை அங்கே கொண்டுபோய் விட்டாள். அழைக்காமல் வந்த விருந்தாளியைக் கொல்லைப்புற அறையில் தங்க வைப்பதுபோலத்தான் நினைத்தாள்.

நட்பு நாட்டின் பீரங்கிகள் இரண்டு நாள் நாணல் காட்டை அடித்தன. எதிரிக்குப் பலத்த சேதம் என்று செய்தி வந்தது. மேல்மாடியில் கை தட்டினார்கள், கீழ்மாடியில் மிட்டாய் கொடுத்தார்கள். மூன்று டாங்கிகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்ததாக ஒரு விமானி எழுதிக் கொடுத்து, பதவி உயர்வும் பெற்றான்.

அடுத்த வாரம் ஆற்றைக் கடந்து தப்பி வந்தவர்களில் ஒரு பெண்ணை யாரோ டாக்டர் வீட்டு முன்னறைக்குக் கூட்டிவந்தார்கள். குண்டுச் சிதறல் பட்டு முன்பற்கள் நொறுங்கியிருந்தன. டாக்டர் துண்டு துண்டாக எடுக்க எடுக்க, சம்பந்தியம்மா பக்கத்தில் நின்று கிண்ணம் பிடித்தாள். எந்த ஊர் என்று கேட்டாள்.

“ஊருன்னு இல்லம்மா” என்றாள் அந்தப் பெண், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு. “நாணல் அறுக்கிற ஆளுங்க நாங்க. பாய் முடையறதுக்கு. அங்கயே குடிசை போட்டுக்கிட்டு இருந்தோம்.”

“உங்க வீட்டுக்காரர்?”

“கால்ல அடி. கெடக்காரு, ஆஸ்பத்திரியில.” துணியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பொத்திக்கொண்டாள். “அங்க ஒண்ணுமே கெடையாதும்மா. தண்ணியும் கொக்கும்தான். எதுக்கு அடிச்சாங்கன்னே வெளங்கல. யாருக்காவது தெரியுமா?”

கிண்ணத்தில் இருந்ததைக் கொட்டிவிட்டு வருவதாகச் சொல்லிச் சம்பந்தியம்மா பின்கட்டுக்குப் போனாள். நெடுநேரம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள். டாக்டர் வந்து குழாயை மூடினார்.

மறுநாள் அவள் வரைபடத்தை வேறு கண்ணோடு பார்த்தாள். பெயர் எழுதாத இடம் என்றால் ஆளில்லாத இடம் என்று அர்த்தமில்லை. பகல் முழுக்கத் தேடி, மலைக்கு அடியில் ஒரு பழைய ரயில் சுரங்கத்தைக் கண்டுபிடித்தாள். தலைக்கு மேலே மலை, இரண்டு பக்கமும் பாறை. எந்தப் பீரங்கியும் எட்டாது, எட்டினாலும் உறைக்காது. மிச்சமிருந்த டாங்கிகளை எல்லாம் அதற்குள் ஓட்டிவிட்டு, பழுதுபார்க்கப்படுகின்றன என்று எழுதினாள். பிறகு வாராவாரம் அவற்றை அங்கேயே வைத்துக் காப்பாற்றுவதே வேலையாகிவிட்டது. ஒரு வாரம் உதிரிபாகம் வரவில்லை. மறுவாரம் வந்தது தப்பான உதிரிபாகம். இன்னொரு வாரம் மெக்கானிக்குகளுக்குள் சண்டை. இரண்டு கர்னல்களும் இதை நம்புவதில் எந்தச் சிரமமும் படவில்லை. அவர்கள் ராணுவத்திலும் அப்படித்தான் நடந்தது.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மூன்று நாடுகளுக்கும் பணமும் பொறுமையும் தீர்ந்துவிட்டன. போர்நிறுத்தப் பேச்சு, ஆளில்லாத ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. குழந்தைகளுக்கான பெஞ்சுகளில் மூன்று தரப்பும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். எதிரித் தரப்பில் வந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட, தூக்கம் கெட்ட ஒரு கர்னல். அவருக்கு நட்பு நாட்டு பாஷை தெரியும். எனவே மொழிபெயர்க்க அங்கேயும் சம்பந்தியம்மாதான்.

கூட்டணியின் முதல் நிபந்தனை, எதிரி ரயில் சுரங்கத்திலிருக்கும் தன் டாங்கிப் படையை எல்லைக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும்.

மூக்குக்கண்ணாடி கர்னல் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். “எந்த டாங்கி?” என்றார்.

மேல்மாடிக் கர்னலும் கீழ்மாடிக் கர்னலும் ஒருவரையொருவர் பார்த்து, இவன் நடிக்கிறான் என்பதுபோல் தலையசைத்துக்கொண்டார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் உறுதி செய்த காகிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய வந்திருந்தன. இந்நேரத்துக்குள் அவர்களே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார்களோ என்று சம்பந்தியம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

எதிரிக் கர்னல் டெலிபோன் பேச இடைவேளை கேட்டார். திரும்பி வரும்போது இன்னும் களைத்திருந்தார். தேநீர் நேரத்தில் ஜன்னலோரமாக அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“எங்க ராணுவத்துல கேட்டேன், இல்லைங்கறாங்க. மந்திரிகிட்ட கேட்டேன், ராணுவம் எப்பவும் என்கிட்ட மறைக்கும், கட்டாயம் இருக்கும்ங்கறாரு. ரெண்டு நாடு இவ்வளவு விவரமா சொல்லுது, உதிரிபாகம் உட்பட. எங்களுக்குத்தான் எதுவும் தெரியலைன்னு எப்படி ஒத்துக்கறது?” குரலைத் தாழ்த்தினார். “அம்மா, நீங்க அந்த டாங்கியைப் பார்த்திருக்கீங்களா?”

“உங்க டாங்கியைப் பத்தி என்னைக் கேட்டா எப்படி சார்?” என்றாள் அவள்.

அவர் நியாயம்தான் என்று தலையாட்டினார்.

மாலைக்குள் முடிவாயிற்று. எதிரி தன் டாங்கிகளை மானம் மரியாதையோடு திரும்பப் பெற்றுக்கொள்வான். அதற்கு ஈடாகக் கூட்டணி தன் பீரங்கிகளை ஆற்றங்கரையிலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும், எதிரி கரையோரத் துப்பாக்கிகளை எடுத்துவிட வேண்டும். பீரங்கிகளும் துப்பாக்கிகளும் நிஜமானவை. அவை நிஜமாகவே போயின. அந்த ஒப்பந்தத்தில் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லாத ஷரத்து டாங்கி ஷரத்துதான். அதனால்தான் மற்றதெல்லாம் நிலைத்து நின்றது என்று பிற்பாடு பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழுதினார்கள். இரண்டு கர்னல்களுக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரிப் பதக்கம் கிடைத்தது. இவர் பதக்கத்தின் நாடா அகலமா, அவருடையது அகலமா என்று அளந்து பார்த்ததில் சின்ன மனத்தாங்கல் வந்ததாகக் கேள்வி. சம்பந்தியம்மாவுக்கு வேலையை விட்டு நின்றதற்கான சான்றிதழ் கிடைத்தது, இரண்டு பாஷையிலும். இரண்டிலும் வேறு வேறு எழுத்துப் பிழை.

தம்பி வீடு வந்த அன்று அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. அவன் இளைத்திருந்தான், கறுத்திருந்தான், கையும் காலும் முழுசாக இருந்தன. டாக்டரும் அவனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் பரிமாறினாள்.

“மாமா, டாங்கியெல்லாம் போனதை நான் பார்த்தேன்” என்றான் தம்பி. “எங்களைத்தான் கரையில நிறுத்தி வெச்சாங்க, ஒழுங்கா போகுதான்னு பார்க்கிறதுக்கு. வரிசையா போச்சு. எவ்வளவு பெருசுங்கறீங்க.”

டாக்டருக்குப் புரையேறியது. அவள் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நீயே பார்த்தியா?” என்று கேட்டாள்.

“பார்த்தேனேக்கா.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி தட்டைப் பார்த்தான். சாப்பாட்டை விரலால் ஒதுக்கினான்.

“முன்னாடி நின்னவன் தெரியுதுன்னான். அவனுக்கு முன்னாடி நின்னவனும் தெரியுதுன்னு சொல்லியிருக்கான். அதிகாரி வந்து, எல்லாரும் பார்த்தீங்கல்லன்னு கேட்டாரு.” அவன் குரல் இறங்கியது. “இல்லைன்னா இன்னும் நாலு நாள் அங்கயே நிக்க வெச்சிருப்பாங்கக்கா. எல்லாரும் வீட்டுக்குப் போகணும்னு இருந்தாங்க.”

“நல்லதுதான் பண்ணினே” என்றாள் அக்கா. அவன் வேண்டாம் வேண்டாம் என்று கையைக் குறுக்கே நீட்ட, அந்தக் கையைத் தள்ளிவிட்டு அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள்.